தங்கவயல் தந்த பாடம்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலர்க் குழுவினர் எம்மை அணுகி, நம் இளைஞர்க்குப் பயன்படும் வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்டனர். வரலாறு என்றவுடன் அரசரும் போரும் நினைவுக்கு வருதல் இயல்பே. கீழ்பென்னாத்தூருக்கு மேற்கே அண்ணாமலையார் கோயிற் கோபுரங்களும், கிழக்கே செஞ்சிக் கோட்டையின் மதில்களும் நிற்கின்றன. அவற்றின் வரலாற்றை எழுதியோர் பலர், இனியும் எழுதுவர். நாம் இங்கு எழுதப் புகுவது வேறொரு வரலாறு. அது மேல்நோக்கி எழுந்த கோபுரத்தின் வரலாறன்று. கீழ்நோக்கி இறங்கிய சுரங்கத்தின் வரலாறு.

எம் இல்லத்துப் பழைய தகரப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லை உண்டு. வட்ட வடிவம், நடுவில் ஓர் எண், மேலே கயிறு கோக்க ஒரு துளை. அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. எம் பாட்டனார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் செய்த காலத்து அடையாளம் அது என எம் தந்தையார் கூறுவார். சிறுவராயிருந்தபோது அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினோம். ஆசிரியப் பணியில் புகுந்து நூல்களைப் புரட்டத் தொடங்கிய பின்னரே அதன் பொருள் விளங்கிற்று. எத்தனை பேர் கீழே இறங்கினர், எத்தனை பேர் மேலே வந்தனர் என்பதை வில்லைகளைக் கொண்டு கணக்கிடுவது உலகெங்கும் சுரங்கங்களில் வழங்கிய முறையாகும். வேலை முடிந்தபின் ஒரு வில்லை திரும்பாவிடில், ஓர் உயிர் இன்னும் பூமிக்குள் இருக்கிறது என்பது பொருள்.

தொழிலிடத்து ஆபத்தை முன்னறிதல், அதற்கு ஆயத்தமாக இருத்தல், நேர்ந்துவிட்டால் முறையாகச் செயற்படுதல் ஆகியவை இன்று புதிய கலைபோலப் பேசப்படுகின்றன. அக்கலையின் முதற்பாடங்களை நம் முன்னோர் தம் உயிரையே விலையாகக் கொடுத்துக் கற்றனர் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பஞ்சமும் பயணமும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தை நம் பெரியோர் தாது வருடப் பஞ்சம் என்பர். மழை பொய்த்தது, ஏரிகள் வறண்டன. நிலமுடையோர் தானியத்தைப் பூட்டி வைத்துத் தாக்குப் பிடித்தனர். நிலமற்ற பண்ணையாட்களாய் இருந்த நம் மக்களுக்கோ அன்றாடக் கூலியும் நின்றுபோயிற்று. பஞ்சத்தின் போதும் அதன் பின்னரும் கப்பலேறி இலங்கைக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் சென்றோர் பலர். கடல் கடவாமல் மேற்கே மைசூர்ச் சீமைக்கு நடந்தோரும் பலர். அவ்வாறு நடந்தோர்க்குப் புகலிடமானது கோலார் தங்கவயல்.

அவ்விடத்துப் பொன்னின் கதை பழையது. 1802-ஆம் ஆண்டில் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மாரிக்குப்பம் பகுதிக்கு வந்தபோது, அங்குள்ள எளிய மக்கள் தாமே குழிதோண்டிப் பாறையை உடைத்துப் பொன்னெடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். பின்னர்ப் பலரும் பொன்னாசையால் தோண்டத் தொடங்கினர், விபத்துகள் மிகுந்தன, 1859-இல் நிலத்தடியில் தோண்டுவதற்கே தடை விதிக்கப்பட்டது. தொழிலிடத்து ஆபத்துக்கு அங்கு அரசு அளித்த முதல் மறுமொழி இதுவே. தோண்டுவோரைக் காக்கும் வழி தேடப்படவில்லை, தோண்டுதலே நிறுத்தப்பட்டது. ஆயினும் பொன்னின் கவர்ச்சி அத்தடையினும் வலியதாயிற்று. வாரனின் குறிப்பைப் படித்த லவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1875-இல் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் பொறுப்பேற்றது. சாம்பியன் ரீப், மைசூர், ஊரிகம், நந்திதுர்க்கம் என நான்கு பெருஞ்சுரங்கங்கள் எழுந்தன.

சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். இருட்டும் வெப்பமும் நிறைந்த பாதாளத்தில் இறங்க உள்ளூர் வேளாண் மக்கள் முன்வரவில்லை. ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்தும் ஒப்பந்தக்காரர் வாயிலாக ஆட்கள் திரட்டப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் நம் ஆதிதிராவிட மக்களே. விழுப்புரம், காட்பாடி இருப்புப்பாதை திருவண்ணாமலை வழியே அமைந்தபின் பயணம் எளிதாயிற்று. காட்பாடியில் வண்டி மாறி, சோலையார்பேட்டை கடந்து, பௌரிங்பேட்டையில் இறங்கினால் அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை உண்டு. அது 1894-இல் திறக்கப்பட்டது. பௌரிங்பேட்டையே இன்றைய பங்காரப்பேட்டை.

ஊரில் பண்ணையாளாய்க் குனிந்து நின்றவன், தங்கவயலில் மாதச் சம்பளக்காரனாய் நிமிர்ந்து நடந்தான். ஆண்டுக்கொரு முறை தேர்த் திருவிழாவுக்கு வெள்ளைச் சட்டையும் தகரப் பெட்டியுமாய் ஊர் திரும்பினான். இப்பெருமையை நாம் மறுத்தற்கில்லை. ஆனால் அச்சட்டையின் விலை யாது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

பாறை வெடிப்பு

நிலத்தடியில் ஆழம் செல்லச் செல்ல, மேலுள்ள பாறையின் பாரம் முழுவதும் கீழுள்ள பாறையை அழுத்துகின்றது. பொன் கலந்த கல்லை வெட்டி எடுத்தபின் அவ்விடம் வெற்றிடமாகின்றது. அதுகாறும் அவ்விடம் தாங்கிய பாரத்தைச் சுற்றியுள்ள பாறை தாங்க வேண்டியதாகின்றது. தாங்கும் எல்லை கடந்தவுடன் பாறை திடீரெனச் சிதறுகின்றது. வெடிமருந்து வைக்காமலே சுவரும் கூரையும் வெடித்துச் சிதறும் இந்நிகழ்ச்சியே பாறை வெடிப்பு. அதன் காரணம் விளங்காத தொடக்க காலத்தில் ஆங்கிலப் பொறியாளர் இதனைக் காற்று வெடிப்பு என்றே அழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கவயலில் இது தலைகாட்டியது. ஆழம் மிகுந்தோறும் இதன் கொடுமையும் மிகுந்தது. நிலத்துக்கு மேலே வீட்டிலிருப்போரும் அதிர்ச்சியை உணர்வர். அந்நேரத்தில் கணவரும் மைந்தரும் கீழே இருக்க, மேலே காத்திருந்த தாய்மாரின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும்!

இதனை எதிர்கொள்ள நிர்வாகம் வாளாவிருந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. வெட்டியெடுத்த வெற்றிடங்களில் கருங்கல்லை அடுக்கிச் சுவரெழுப்பிக் கூரையைத் தாங்கச் செய்தனர். பாறையைச் சிறுகச் சிறுக எந்த வரிசையில் வெட்டினால் அழுத்தம் ஓரிடத்தில் குவியாது என ஆராய்ந்தனர். 1912-ஆம் ஆண்டளவில் நில அதிர்வு பதியும் கருவி ஒன்று அங்கு நிறுவப்பட்டது. பிற்காலத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாரும் இவ்வாய்வில் ஈடுபட்டனர். 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. இந்திய நாட்டின் பாறையியல் அறிவில் ஒரு பெரும்பங்கு நம் மக்கள் இறங்கிய அப்பள்ளத்தில் பிறந்தது எனின் மிகையாகாது.

சுரங்கம் இறுதியில் பதினாயிரம் அடிக்கும் கீழே, ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரிக்கு மேல். குளிர்ந்த காற்றைக் கீழே செலுத்தாவிடில் மனிதன் அங்கு நிற்கவே இயலாது. கூண்டு என்னும் இரும்பு ஏற்றத்தில் பலர் நெருங்கி நின்று இறங்குவர். மணியோசைக் குறிப்புகளே மேலுள்ள எந்திர ஓட்டுநருக்கும் கீழுள்ளோர்க்கும் இடைப்பட்ட மொழி. எத்தனை அடி அடித்தால் ஏற்று, எத்தனை அடித்தால் நிறுத்து என்பதைப் பிழையற அறிதல் வேண்டும். ஒரு மணியோசையைத் தவறாகக் கேட்டால் உயிர் போம்.

வில்லையும் விரல்ரேகையும்

இத்துணை ஏற்பாடுகளுக்கு நடுவே ஓர் உண்மையை வரலாற்று மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். நிர்வாகத்தின் முதற்கவலை பொன்னைக் காப்பது. பொன் திருட்டைத் தடுக்கக் காவற்படையும் வேலியும் சோதனையும் தனிச் சட்டமும் இருந்தன. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கம்பி வழியே வந்து சுரங்க எந்திரங்களை ஓட்டியது. நாட்டின் பெருநகரங்கள் பல மின்விளக்கைக் காணாத காலம் அது. ஆனால் அப்பொன்னை எடுத்த தொழிலாளியின் குடும்பமோ மூங்கில் தட்டி அடைத்த சிறு குடிலில் வரிசை வரிசையாக வாழ்ந்தது. அவ்வரிசைகளுக்கு லைன் என்று பெயர்.

1930-இல் தொழிலாளர் அனைவரும் தம் விரல்ரேகையைப் பதிவு செய்ய வேண்டும் என நிர்வாகம் கட்டளையிட்டது. குற்றவாளியிடம் பெறுவதைப் போல் எம்மிடம் ரேகை பெறுவதா எனத் தொழிலாளர் கொதித்தெழுந்தனர், சுரங்கங்கள் நின்றன. அப்போராட்டத்தின் உட்பொருளை நாம் உணர்தல் வேண்டும். தொழிலாளியைக் கணக்கெடுப்பது இருவகைப்படும். ஐயத்தால் எண்ணுவது ஒன்று. அக்கறையால் எண்ணுவது மற்றொன்று. விரல்ரேகை முன்னதைச் சார்ந்தது. மேலே வந்தோர் எத்தனை பேர் எனக் காட்டும் வில்லையோ பின்னதைச் சாரக் கூடியது. ஒரே எண்ணே திருடனைப் பிடிக்கவும் பயன்படும். பாறைக்கடியில் சிக்கிய மனிதனைத் தேடவும் பயன்படும். எதற்குப் பயன்படுகிறது என்பதை முடிவு செய்வது தொழிலாளியின் ஒற்றுமையும் அறிவுமே.

கண்ணுக்குத் தெரியாத விபத்து

விபத்து என்றால் இடிதலும் எரிதலும் மட்டுமே என நாம் எண்ணுகிறோம். தங்கவயலில் பாறை வெடிப்பைக் காட்டிலும் மிகப் பலரைப் பற்றியது தூசியே. துளையிடும் கருவி பாறையைக் குடையும்போது எழும் நுண்ணிய கல்தூசி நுரையீரலிற் புகுந்து தங்கி, அதனை நாளடைவில் தழும்பாக்கிவிடும். இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தொடக்கத்தில் சிறு இருமல், பின் மூச்சிரைப்பு, இறுதியில் நாலடி நடக்கவும் இயலாத நிலை. காசநோயும் எளிதில் உடன் சேரும். போன நுரையீரலை மீட்கும் மருந்து இன்றளவும் இல்லை.

1940-இல் மைசூர் அரசு சிலிகோசிஸ் விதிகளை வகுத்து, இந்நோய்க்கு இழப்பீடு பெறும் வழியைத் திறந்தது. 1940 முதல் 1946 வரை நடைபெற்ற மருத்துவ ஆய்வில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பரிசோதிக்கப்பட்டனர். அவருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கும் மேலானோர் இந்நோய்க்கு ஆளாகியிருந்தனர்! சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்வெண்ணிக்கை உலகுக்குத் தெரிந்தது. அதுவரை ஊர் திரும்பி இருமியே மாண்டவரை, குடித்துக் கெட்டான் என்றும், காற்றுச் சேஷ்டை என்றும் ஊரார் கூறினர். எம் பாட்டனாரும் இருமியே மறைந்தார். காரணம் இன்னதென்று எழுதி வைப்பார் எவருமிலர்.

இதனைத் தடுக்கும் வழி அரிதன்று. துளையிடும்போதே நீரைப் பாய்ச்சினால் தூசி எழாது. அவ்விடத்தில் காற்றோட்டம் வேண்டும். மார்பை ஆண்டுதோறும் படமெடுத்துப் பார்த்தல் வேண்டும். இன்று நம் மாவட்டத்துக் கற்குவாரிகளிலும், கல் உடைக்கும் ஆலைகளிலும், கிரானைட் அறுக்கும் பட்டறைகளிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் இதனை மனத்திற் கொள்வார்களாக. முகத்தில் கட்டிய கைக்குட்டை அந்நுண்தூசியைத் தடுக்காது.

எழுத்தறிவு என்னும் விளக்கு

தங்கவயல் மக்கள் துன்பத்தை மட்டும் சுமந்தவரல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வேரூன்றியது. பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர் இருந்தனர். 1914-இல் அவர் மறைந்த பின்னர், 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை நூல்கள் பலவற்றை வெளியிட்டது. பகலெல்லாம் பாறை குடைந்த கரங்கள் இரவில் ஏடு புரட்டின. ஏடு புரட்டியவர் நாளடைவில் விதிகளையும் படித்தனர், தொழிற்சங்கம் கண்டனர், உரிமை கேட்டனர். 1946-ஆம் ஆண்டுப் போராட்டத்தின்போது நவம்பர் 4-ஆம் நாள் காவலர் துப்பாக்கியால் சுட்டதில் தொழிலாளர் அறுவர் உயிர் நீத்தனர். அவர்தம் நினைவைத் தங்கவயல் மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

அதே காலத்தில் அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்றார். அலுவலகத்திலமர்ந்து அறிக்கை கேட்டதோடு அமையாமல், தாமே சுரங்கத்துள் இறங்கித் தொழிலாளர் நிலையைக் கண்ணாற் கண்டார். அடுத்த ஆண்டிலேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவாயிற்று. ஆபத்து எங்குள்ளதோ அங்கு நேரிற் சென்று பார்த்த பின்னரே சட்டம் இயற்ற வேண்டும் என்பதற்கு இஃதொரு சான்று.

தங்கவயல் 1956-இல் மைசூர் மாநில அரசின் உடைமையாயிற்று, பின்னர் மைய அரசின் வசமாகி, 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என இயங்கியது, 2001-இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கிருந்து எடுக்கப்பட்ட பொன் சுமார் 800 டன் என்பர்.

ஒரு கிணறும் ஒரு பெரியவரும்

எம் இளமையில் நிகழ்ந்ததொன்றை இங்குக் கூறுதல் பொருந்தும். நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பல்லாண்டு பயன்படாது கிடந்த கிணற்றைத் தூர்வார ஒருவர் இறங்கினார். பாதியில் அவர் குரல் நின்றது, உள்ளே சாய்ந்துவிட்டார். அவர்தம் தம்பியர் இருவர் அலறிக்கொண்டு இறங்க முற்பட்டனர். அப்போது தங்கவயலில் முப்பதாண்டு உழைத்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் ஓடிவந்து இருவரையும் இழுத்து நிறுத்தினார். "இறங்காதடா தம்பி! கீழே காற்று கெட்டுக் கிடக்குது. நீயும் போய்ச் சேராதே!" என்று கத்தினார். ஊரார் அவரை ஏசினர். அவரோ அரிக்கேன் விளக்கொன்றைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழத்திலேயே விளக்கு அணைந்தது. அதன்பின் எவரும் பேசவில்லை. வேப்பந்தழைக் கட்டைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் பலமுறை வீசி இழுக்கச் செய்தார். குடம் குடமாய் நீரை உயரத்திலிருந்து ஊற்றச் செய்தார். மீண்டும் இறக்கிய விளக்கு அணையாது எரிந்த பின்னரே, ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே நால்வரைப் பிடிக்கச் செய்து இறக்கினார்.

இறங்கியிருந்தவர் பிழைக்கவில்லை. ஆனால் அன்று அவ்வீட்டில் ஒரு பிணம் மட்டுமே கிடந்தது, மூன்றல்ல. அத்தம்பியர் இருவரும் பின்னர் மணம் புரிந்து, மக்களைப் பெற்று வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு நாமே பாடம் சொன்னோம். வகுப்பில் அவர்கள் முகத்தைக் காணுந்தோறும் அப்பெரியவரின் நினைவு எமக்கு வரும். தங்கவயல் பொன்னில் ஒரு குன்றிமணியும் நம் ஊர் சேரவில்லை. அங்குக் கற்ற ஒரு பாடம் வந்து சேர்ந்தது. அது இரு உயிரைக் காத்தது.

உலகெங்கும் சுரங்கங்கள் கற்ற பாடமும் இதுவே. 1906-இல் பிரான்சு நாட்டின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கத்தில் 1,099 பேர் மாண்டனர். அதன் பின்னரே பயிற்சி பெற்ற மீட்புக் குழுவும் மூச்சுக்கருவியும் வேண்டும் என்பதை ஐரோப்பா முற்றிலும் உணர்ந்தது. நம் நாட்டில் 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாச் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்து 375 பேர் உயிரிழந்தனர். 1989 நவம்பரில் ராணிகஞ்சு வயலின் மகாவீர் சுரங்கத்திலும் வெள்ளம் புகுந்தது. ஆனால் அங்கு ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர், மேலிருந்து துளையிட்டு, மனிதன் நிற்குமளவு எஃகுக் கூண்டொன்றைச் செய்து, தாமே அதனுள் இறங்கி, 65 பேரை ஒவ்வொருவராக மேலேற்றினார். துணிவு இரு இடத்தும் இருந்திருக்கும். கருவியோடும் திட்டத்தோடும் கூடிய துணிவே காப்பாற்றிற்று.

சட்டம் வந்த வழி

1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் போபால் நகரின் பூச்சிமருந்து ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலோர் ஆலையைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்த ஏழை மக்கள். தம் அண்டையில் என்ன நஞ்சு இருக்கிறது, கசிந்தால் எத்திசையில் ஓட வேண்டும், முகத்தை ஈரத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்களுக்கு முன்னரே சொல்லியிருப்பார் எவருமிலர்.

அத்துயரின் பின்னரே 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்துவோர் நெருக்கடிக் காலத் திட்டம் ஒன்றை வகுத்து வைத்தல் வேண்டும், அதனைத் தொழிலாளர்க்கும் அண்டையில் வாழ்வோர்க்கும் அறிவித்தல் வேண்டும், உயிருக்கு உடனடி ஆபத்து என அஞ்சும் தொழிலாளி அதனை எடுத்துரைக்கும் உரிமை பெறுவார், இவை சட்டமாயின. பழைய சட்டங்கள் பதின்மூன்றை ஒன்றாக்கி 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம்; அறிந்துகொள்ளும் உரிமையை நாம் மறத்தலாகாது.

சட்டம் இருந்தும் உயிர் போகின்றது. 2015 ஜனவரி 31-ஆம் நாள் விடியற்காலையில், நமக்கு அண்மையிலுள்ள இராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளின் கழிவைத் தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நம் பாட்டன்மார் தங்கவயலுக்குப் போனது போலவே அவர்கள் இங்கு வந்தனர். நஞ்சுத் தொட்டியின் அருகே உறங்க நேர்ந்தோர் எம்மொழியினராயினும் நம் உறவினரே.

மலக்குழி மரணங்களை எண்ணுங்கால் நெஞ்சு வேகின்றது. மலக்குழியில் மாள்பவர் பெரிதும் நம் மக்களே. 1993-இலும் 2013-இலும் தடைச் சட்டங்கள் வந்தன. இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. பணம் பெருகிற்று; குழியில் இறங்குவது நின்றபாடில்லை. இம்மரணங்களில் முதலில் இறங்கியவரைத் தூக்கச் சென்ற இரண்டாமவரும் மூன்றாமவரும் மாள்வதை நாம் மீண்டும் மீண்டும் நாளேட்டிற் படிக்கிறோம். அங்கு நின்று தடுக்க ஒரு தங்கவயல் பெரியவர் இல்லாமற் போனதே காரணம்.

நாம் செய்ய வேண்டுவன

இளைஞர்களே! சென்னைக்கும் திருப்பெரும்புதூருக்கும் செய்யாற்றுக்கும் ஓசூருக்கும் வேலைக்குச் செல்லும் உங்களுக்குச் சில கூறுவோம்.

முதலாவது, மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்காதீர். இறங்கச் சொல்வது சட்டப்படி குற்றம். அங்கு விளக்கை இறக்கிப் பார்க்கவும் வேண்டா. அக்காலத்துக் கிணற்றுக்கு உதவிய சோதனை மலக்குழிக்கு ஆகாது; அங்கு எழும் மீத்தேன் தீப்பற்றும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைடு வாயுவோ, மிகும்போது மூக்கின் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது எனில் ஆபத்து நீங்கிற்று என்பது பொருளன்று.

இரண்டாவது, ஒருவர் வீழ்ந்தால் பின்தொடர்ந்து இறங்காதீர். கூவி ஆட்களை அழையுங்கள். 101, 108, 112 எண்களுக்குப் பேசுங்கள். காற்று புக வழி செய்யுங்கள். மூச்சுக்கருவியும் கயிறும் உடையவரே இறங்கத் தக்கவர். இது கோழைத்தனம் அன்று. மீட்புக் கலையின் முதல் விதி.

மூன்றாவது, வேலையில் சேரும் முதல் நாளிலேயே நான்கு வினாக்களை மேற்பார்வையாளரிடம் மரியாதையோடு கேளுங்கள். இங்கு என்னென்ன ஆபத்தான பொருள்கள் உள? அபாயச் சங்கு எவ்வாறு ஒலிக்கும்? வெளியேறும் வழிகள் எவை? வெளியேறியபின் எங்குக் கூட வேண்டும்? கூடுமிடத்தில் தலை எண்ணுவர். அங்கு நீங்கள் நிற்காவிடில், உங்களைத் தேடி மற்றொருவர் நெருப்பில் நுழைய நேரும். எம் பாட்டனாரின் வில்லை சொல்லும் செய்தி அதுவே.

நான்காவது, ஒப்பந்தத் தொழிலாளியாயினும் உங்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா எனப் பாருங்கள். பெயரில்லாதவனைத் தேடுவார் இல்லை. அவன் குடும்பத்துக்கு இழப்பீடும் எளிதில் கிட்டாது.

ஐந்தாவது, அறிவிப்புப் பலகைகளைப் படியுங்கள். படிக்கத் தெரியாத தோழர்க்குப் படித்துச் சொல்லுங்கள். அவர் பீகாரியாயினும் வங்காளியாயினும், கைச்சாடையாலேனும் உணர்த்துங்கள்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் தீயணைப்புத் துறையினரை அழைத்து நம் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் முதலுதவி, மீட்புப் பயிற்சி அளித்தல் வேண்டும். மேலும், நம் குடியிருப்பிலிருந்து தங்கவயலுக்குச் சென்றோர் யாவர், எப்போது சென்றனர், எவ்வாறு மறைந்தனர் என்பதை, எஞ்சியுள்ள முதியோரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். முதியோர் நாளுக்கு நாள் குறைகின்றனர், தாமதிக்கலாகாது.

எம் பாட்டனாரின் வில்லையை இவ்விழாக் கண்காட்சியில் வைக்கத் தந்துள்ளோம். அதில் எண் மட்டுமே உள்ளது. அருகிலுள்ள அட்டையில் அவர் பெயரையும் ஊரையும் நம் பள்ளி மாணவி ஒருத்தி அழகிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். விழாவுக்கு வருவோர் இரண்டையும் சேர்த்துப் படிப்பாராக.